ஸ்பேர்ஸ கவுண்டர்ல குடுங்க: ஒரு ஐரோப்பிய கார் கம்பெனிக்கு காங்கேயத்துல இருந்து திறந்த மடல்

கம்பெனியோட இந்திய ஆபீஸ்ல சர்வீஸ், ஸ்பேர்ஸ் பொறுப்புல இருக்கற அதிகாரிங்களுக்கு,

போன வாரம் கோயமுத்தூர் சர்வீஸ் சென்டர்ல, ஸ்பேர்ஸ் கவுண்டர் கண்ணாடில ஒரு பேப்பர் ஒட்டியிருந்துதுங்க. இனிமே வெளி ஆளுங்களுக்கு ஸ்பேர்ஸ் விக்கறதில்ல, வண்டியக் கொண்டாந்து அங்கயே மாட்டிக்கிட்டாத்தான் சாமான் தருவாங்களாம். வெளில கழட்டுன கியர்பாக்ஸ் இருக்கற வண்டிய எந்த வேலைக்கும் உள்ள எடுக்கமாட்டாங்களாம். ரெண்டே வரி, கீழ சீல் இருக்குது, யாரு எடுத்த முடிவுன்னு பேரு கெடையாது. நான் அன்னைக்கு வாங்கப் போனது ஒரு கியர்பாக்ஸ் மவுண்ட், கியர்பாக்ஸத் தாங்கிப் புடிக்கற, ரப்பரும் அலுமினியமும் சேந்த ஒரு துண்டு, ஒரு கையில புடிச்சுட்டு வந்தர்ற சாமான். அதுக்கு எழுவது எம்பது கிலோமீட்டர் போயிட்டு வெறுங்கையோட வந்தேன். அந்தப் பேப்பருக்குத்தான் இந்த மடல்.

என்கிட்ட இருக்கறது 2015ல வாங்குன உங்க டீசல் செடான், டூயல் கிளட்ச் ஆட்டோமேட்டிக். இதுவரைக்கும் 1,42,000 கிலோமீட்டர் ஓடியிருக்குது. எனக்கு தேங்காப் பருப்பு யாவாரம், களமும் ஒரு சின்ன எண்ணெய் மில்லும் இருக்குது, பொள்ளாச்சி, உடுமலை, தாராபுரம், பெருந்துறை ஏலம்னு வாரத்துல நாலு நாள் ரோட்டுலதான் இருப்பேன். அதனால இந்த வண்டியப் பத்தி நான் சொல்றது ஷோரூம்ல ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்துட்டுச் சொல்றது இல்லைங்க, பத்து வருஷம் கூடவே இருந்து சொல்றது.

வண்டிய நான் கொறை சொல்லலைங்க, அத மொதல்லயே சொல்லிப்போடறேன். ஆடி மாசம் பாலக்காட்டுக் கணவாய் வழியா வர்ற காத்து எங்க பக்கம் எப்படி அடிக்கும்னு பல்லடம், உடுமலை, தாராபுரம் ரோட்டுல வந்து பாத்தாத்தான் தெரியும், அத்தன காத்தாலை அங்க நிக்கறது அதுக்குத்தானுங்க. அந்தக் காத்துல மத்த வண்டிக லாரியத் தாண்டறப்ப ஒரு பக்கமா இழுக்கும், ஸ்டீயரிங்க ரெண்டு கையிலயும் இறுக்கிப் புடிக்கோணும், உங்க வண்டி அசையாம போகும். கதவச் சாத்துனா வர்ற சத்தத்துக்கே எங்கம்மா இந்த வண்டிலதான் வருவேன்னு சொல்லும். ஹைவேல பத்தொம்போது கெடைக்குது, ஆட்டோமேட்டிக்குக்கு அது நொம்ப நல்ல மைலேஜ். இன்னும் பத்து வருஷம் ஓட்டோணும்னுதான் ஆசப்படறேன், அதனாலதான் இவ்வளவு தூரம் எழுதறேன்.

உங்க ஊர் வண்டிகளுக்குன்னு சில பழக்கம் இருக்குது. ஸ்டீயரிங் வலப்பக்கம் வந்தாலும் இண்டிகேட்டர் தண்டு இடப்பக்கமே இருக்கும், மொதல் வாரம் முழுக்க திரும்பற எடத்துல எல்லாம் வைப்பர் ஓடிட்டு இருந்துது. இண்டிகேட்டர ஒரு பக்கம் போட்டபடியே சாவிய எடுத்துட்டா அந்தப் பக்கத்து பார்க்கிங் லைட்டு மட்டும் விடிய விடிய எரியும், காலைல பேட்டரி எறங்கிக் கெடக்கும். அது உங்க ஊர்ல இருட்டு ரோட்டோரம் நிறுத்தறவங்களுக்காக வெச்சதுன்னு பொறவுதான் தெரிஞ்சுது, சரி, அதப் பழகிக்கிட்டோம். வீலுக்கு ஸ்டட்டும் நட்டும் இல்ல, போல்ட்டு. வீலத் தூக்கி ஓட்டைக்கு நேரா புடிச்சுட்டேதான் போல்ட்டு போடோணும். ஊதியூர்கிட்ட பஞ்சர் ஆனப்ப அங்க கடை வெச்சிருக்கற பையன் கால்ல வீல முட்டுக்குடுத்து பத்து நிமிஷம் மல்லுக்கட்டுனான், அடுத்த தடவ போனப்ப ஒரு பழைய போல்ட்டுத் தலைய அறுத்துட்டு மேல ஒரு காடி வெட்டி வெச்சிருந்தான், அத மொதல்ல கையில திருகிட்டு அதுல வீல மாட்டித் தொங்கவிட்டு மத்த நாலையும் சிரமமே இல்லாம போட்டான். யாரும் அவனுக்குச் சொல்லிக் குடுக்கலைங்க. எங்க ஊர் ஆளுங்க கையில ஒரு சாமானக் குடுத்தா என்ன பண்ணுவாங்கன்னு நீங்க தெரிஞ்சுக்கோணும்னுதான் இதச் சொல்றேன்.

ஆறாவது வருஷம் டிரைவர் பக்கத்து கண்ணாடி டக்குனு கதவுக்குள்ள உழுந்துருச்சு. உள்ள கேபிளப் புடிக்கற ஒரு பிளாஸ்டிக் கிளிப்பு ஒடஞ்சிருக்குது, கட்டவெரல் நகம் அளவு இருக்கும். கிளிப்பு தனியா வராதுன்னு சொல்லி முழு ரெகுலேட்டரயும் மாத்தி 6,800 ரூவா வாங்குனாங்க. அப்ப நான் வாய மூடிட்டுக் குடுத்துட்டேன், அது என் தப்பு.

கியர்பாக்ஸ் கதை அப்படி விடற கதை இல்லைங்க.

கோயமுத்தூர்ல லட்சுமி மில்ஸ் சிக்னல், ஹோப் காலேஜ் பக்கம் நெரிசல்ல ஊர்ந்து ஊர்ந்து போறப்ப ஒண்ணுல இருந்து ரெண்டுக்கு மாறும்போது வண்டி குலுங்கும். வாங்குன மூணாவது வருஷத்துல இருந்தே சொல்லிட்டு இருக்கறேன். ஒவ்வொரு தடவையும் ஒரே பதில்தான், "அது இந்த வண்டியோட கேரக்டருங்க சார்." வண்டில என்ன கொறைன்னு எழுதிக் குடுக்கற ஜாப் கார்டுல நான் சொன்னத எழுதிட்டு கீழ நார்மல்னு எழுதிக் குடுப்பாங்க, அப்படி அஞ்சு ஜாப் கார்டு என்கிட்ட இருக்குதுங்க, தேதியோட.

போன டிசம்பர்ல மைசூர் போயிட்டு திம்பம் வழியா திரும்பி வந்தோம், அம்மா, வீட்டுக்காரி, பாப்பா, நான். ஆசனூர் தாண்டறப்ப அஞ்சு மணி. திம்பத்துல 27 கொண்டை ஊசி வளைவு, 2022ல கோர்ட் உத்தரவு வந்ததுல இருந்து சாயங்காலம் 6 மணிக்கு மேல லாரிகளுக்கும் 9 மணிக்கு மேல காருக்கும் தடை, அதனால ஆறு மணிக்குள்ள மேல ஏறிப்போடோணும்னு லாரிக வரிசையா வந்துட்டு இருந்துது. எறங்க ஆரம்பிச்சு நாலஞ்சு வளைவு வந்திருப்போம், மீட்டர்ல கியர் எழுத்து மினுக்க ஆரம்பிச்சுது. ஒரு பக்கத்து கியர் மொத்தமும் போயிருச்சு. இந்த கியர்பாக்ஸ்ல ஒண்ணு, மூணு, அஞ்சு, ஏழுக்கு ஒரு கிளட்ச், ரெண்டு, நாலு, ஆறுக்கும் ரிவர்ஸுக்கும் இன்னொரு கிளட்ச், அது உங்களுக்குத் தெரியாததில்ல. மலை எறங்கறதுக்கு வேணுங்கறதே அந்த ரெண்டாவது கியர்தானுங்க. ஒண்ணுல போட்டா இஞ்சின் அலறுது, மூணுல விட்டா வண்டி நிக்காம ஓடுது, முழுக்க முழுக்க பிரேக்க மிதிச்சுட்டே எறங்குனேன். ரெண்டு வளைவுக்குள்ள பிரேக் கருகற வாசம் உள்ள வந்துருச்சு, அம்மா மூக்கப் பொத்திக்கிட்டு என்னப்பா நாத்தம்னு கேக்குது.

அடுத்த வளைவுல கீழ இருந்து ஒரு லோடு லாரி ஏறி வந்துது. லாரி ஒடிச்சுத் திரும்போணும்னா மேல நிக்கற கார் பத்தடி பின்னால போகோணும், அது அந்த ரோட்டுல எழுதாத சட்டம். எனக்கு ரிவர்ஸ் இல்ல. லிவர ஆர்ல வெச்சு மிதிக்கறேன், ஒண்ணும் ஆகல, வண்டி மூக்கு பள்ளத்தப் பாத்து நிக்குது, லாரிக்காரர் ஹார்ன் அடிக்கறாரு, பின்னால சத்தி போற பஸ் வந்து நின்னுருச்சு. எறங்கி ஓடிப்போய் ரிவர்ஸ் உழுகலைங்கன்னு சொன்னேன். லாரி கிளீனரு, பஸ் கண்டக்டரு, பஸ்ல வந்த நாலு பேரு எல்லாரும் ஒட்டுக்கா முன்னால நின்னு மேட்டுல தள்ளுனாங்க, நான் உள்ள உக்காந்து பிரேக்கும் ஸ்டீயரிங்கும் பாத்துக்கிட்டேன், தள்ளத் தள்ள அப்பப்ப ஒருத்தர் பின் சக்கரத்துக்குக் கல்லு குடுத்தாரு. பாப்பா ரோட்டோரம் அம்மா கையப் புடிச்சுட்டு நின்னு அழுதுட்டு இருந்துது. கை நழுவியிருந்தா தள்ளுனவங்க மேலயே வண்டி எறங்கியிருக்கும். "நார்மல்"னு எழுதுன அந்த அஞ்சு ஜாப் கார்டயும் நீங்க படிக்கறப்ப அந்த எடத்த நெனச்சுப் படிங்க.

பண்ணாரி வந்து உங்க உதவி நம்பருக்குப் பேசி, ராத்திரி பதினொண்ணு மணிக்கு லாரி வந்து வண்டிய ஏத்திட்டுப் போச்சு. மூணாம் நாள் எஸ்டிமேட் வந்துது. கியர்பாக்ஸ் மேல உக்காந்திருக்கற கண்ட்ரோல் யூனிட், ஹைட்ராலிக்கும் எலக்ட்ரானிக்கும் சேந்த பெட்டி, அது போயிருச்சு, புதுசு மாட்டோணும், லேபரோட 2 லட்சத்து 86 ஆயிரம். பெட்டிக்குள்ள என்னங்க போச்சுன்னு கேட்டேன். "அதெல்லாம் ஓப்பன் பண்ணமாட்டோங்க சார், அசெம்பிளியாத்தான் வரும்." என்ன கெட்டுதுன்னே பாக்காம எப்படிங்க மாத்தச் சொல்றீங்க? கம்ப்யூட்டர் ஒரு நம்பர் காட்டுதாம், அந்த நம்பர் வந்தா இத மாத்தோணும்னு மேல இருந்து சொல்லியிருக்காங்களாம், அவ்வளவுதான். அங்க வேல பாக்கற பசங்க மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல. எல்லாரும் நம்ம பக்கத்துல ஐடிஐ, பாலிடெக்னிக் முடிச்சுட்டு வந்த பசங்கதான், அதுல ஒரு பையன் கேட்டு வரைக்கும் கூட வந்து, அண்ணா உள்ள ஒரு சின்ன எடத்துல விரிசல் உடறதுதான் நெறைய வருது, எங்களக் கழட்ட விடமாட்டாங்கன்னு சொன்னான்.

வண்டிய அங்க இருந்து எடுத்து கணபதி பக்கம் ஒரு ஷெட்டுக்குக் கொண்டு போனேன். அந்த அண்ணன் அன்னைக்குப் பொழுதோட யூனிட்டக் கழட்டி மேசை மேல ஒரு வெள்ளத் துணிய விரிச்சு வெச்சாரு. ஆயில அழுத்தத்தோட சேத்து வெக்கற ஒரு உருளை இருக்குது, அது அலுமினிய ஹவுசிங்ல மரையோட திருகி இருக்கும், அந்த மரை முடியற எடத்துல துடைச்சுட்டு டார்ச்ச சாய்ச்சுப் புடிச்சாரு. மொதல்ல எனக்கு ஒண்ணும் தெரியல. கொஞ்ச நேரம் கழிச்சு ஒரு கோடு நனைஞ்சுட்டு வந்துது, தலமுடி கனம்கூட இல்ல, நகத்துல வெச்சுப் பாத்தா தட்டுப்படுது. அழுத்தம் அந்தக் கோட்டு வழியாத்தான் போயிட்டு இருந்துருக்குது. பம்ப்பு விடாம ஓடி ஓடி அழுத்தம் நிக்காம போகவும் கம்ப்யூட்டர் ஒரு பக்கத்து கிளட்ச்ச நிறுத்திருச்சு. எலக்ட்ரானிக் போர்டுக்கு ஒண்ணும் ஆகல, வால்வு எல்லாம் சுத்தமா இருக்குது. 2 லட்சத்து 86 ஆயிரத்துக்கு நீங்க குப்பைல போடச் சொன்னது இந்தக் கோட்டுக்காகத்தானுங்க. அதுக்குன்னு பலமான ஹவுசிங்கும் சீலும் உள்ள ஒரு ரிப்பேர் கிட்டு வெளி மார்க்கெட்ல வருது, டெல்லில இருந்து வரவழைச்சு மாட்டி, புது ஆயில், கூலி எல்லாம் சேத்து 41,500 ஆச்சு. அதுக்கப்பறம் 9,000 கிலோமீட்டர் ஓடியாச்சு, அதே திம்பத்துல ஏறி எறங்கியாச்சு.

ஆனா வேல முடியலைங்க. யூனிட்டக் கழட்டி மாட்டுனா கிளட்ச்சு எந்த எடத்துல புடிக்குதுன்னு வண்டிக்கு புதுசா கத்துக் குடுக்கோணும், அத முழுசா பண்ற சாப்ட்வேர் உங்ககிட்டத்தான் இருக்குது. காசு குடுக்கறேன், ஒரு மணி நேர வேல, பண்ணிக் குடுங்கன்னு கேட்டேன், வெளில கழட்டுன வண்டிய தொடமாட்டோம்னுட்டாங்க. அந்த அண்ணன் வெளி ஸ்கேனர் வெச்சு முடிஞ்ச வரைக்கும் பண்ணுனாரு, காலைல மொத எடுப்புல மட்டும் இன்னும் லேசா ஒரு உதறல் இருக்குது. இப்ப அதோட அந்த கியர்பாக்ஸ் மவுண்டயும் மாத்தோணும், அதுக்குத்தான் கவுண்டருக்கு வந்தேன், அங்க அந்தப் பேப்பர் ஒட்டியிருக்குது.

நீங்க யாவாரம் பண்ண வந்திருக்கற சீமைய ஒரு நிமிஷம் பாருங்க. 1920ல ஒரே ஒரு பஸ்ஸ வெச்சு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவுல ஓட்ட ஆரம்பிச்ச ஜி.டி.நாயுடு பொறந்த மண்ணு இது, பஸ்ஸ ஓட்டறதோட நிக்காம மிஷினக் கழட்டிக் கழட்டி கத்துக்கிட்ட மனுசன், 1937ல இந்தக் கோயமுத்தூர்லயே கரண்ட் மோட்டார் செஞ்சாங்க. பம்ப்செட்டும் கிரைண்டரும் செய்யற ஊரு. திருச்செங்கோட்டு ரிக் வண்டி இந்தியா பூராவும் போய் போர்வெல் போடுது, நடுக்காட்டுல கம்ப்ரசர் நின்னா அங்கயே பிரிச்சு அங்கயே மாட்டறாங்க. நாமக்கல், சங்ககிரி லாரிக பத்து லட்சம் கிலோமீட்டர் தாண்டி ஓடறது அசெம்பிளி மாத்தி இல்லைங்க. என் மில்லுல எண்ணெய் புழியற எக்ஸ்பெல்லர் மிஷினுக்குள்ள சுத்தற வார்ம் தேஞ்சா காங்கேயம் லேத் பட்டறைல வெல்டிங்ல ஏத்தி சாணை புடிச்சு மறுநாள் மாட்டிருவோம், புது எக்ஸ்பெல்லர் வாங்குங்கன்னு எவனும் சொல்லமாட்டான், சொன்னா அவன்கிட்ட மறுபடி போகமாட்டோம். இந்த ஊர் ஆளுங்களப் பாத்து உங்களுக்குக் கழட்டத் தெரியாது, கெடுத்துப்போடுவீங்கன்னு ஒரு பேப்பர ஒட்டறது ஏத்துக்கற மாதிரி இல்லைங்க.

பாதுகாப்புக்காகத்தான், டூப்ளிகேட் பாகம் போட்டுருவாங்கன்னு சொல்லுவீங்க. ஒரிஜினல் கவுண்டர்ல கெடைச்சா எதுக்குங்க ஒருத்தன் டூப்ளிகேட் தேடிப் போறான்? அந்த மவுண்டுக்கு நான் ஒரிஜினல் வெலையக் கையில வெச்சுட்டு நின்னேன். இப்ப அந்த அண்ணன் உக்கடம் பழைய சாமான் கடைல ஒரு யூஸ்டு மவுண்டு தேடிட்டு இருக்கறாரு. எங்களை அங்க அனுப்பி வெச்சது உங்க பேப்பர்தான்.

இன்னொண்ணு, இது எனக்கு நொம்ப நாளா மனசுல கெடக்கறது. உங்க சொந்த ஐரோப்பாவுல 2007லயே 715/2007ன்னு ஒரு ஒழுங்குமுறை போட்டு, டீலருக்குக் குடுக்கற ரிப்பேர் தகவல வெளி மெக்கானிக்குக்கும் வெப்சைட்ல குடுத்தே ஆகோணும்னு வெச்சுட்டாங்க, 2020 செப்டம்பர்ல இருந்து 2018/858ங்கற புது ஒழுங்குமுறைலயும் அது இருக்குது. அங்க ஒரு சின்ன கராஜ்காரர் கட்டணம் கட்டிட்டு உங்க தகவல எடுத்துப் பாக்கலாம். அதே வண்டி, அதே யூனிட், கணபதி ஷெட்டுக்கு மட்டும் ஏன் இல்ல? இங்கயும் சொல்லாம இல்லைங்க. 2014 ஆகஸ்ட் 25ல, யாவாரத்துல போட்டி நியாயமா நடக்குதான்னு பாக்கற இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிக மேல மொத்தமா 2,544 கோடி ரூவா அபராதம் போட்டப்ப, ஸ்பேர்ஸும் சோதனைக் கருவியும் வெளி மார்க்கெட்ல கெடைக்கோணும், வெளில ரிப்பேர் பண்ணுனாங்கற ஒரே காரணத்துக்காக ஒட்டுமொத்தமா வாரண்டிய ரத்து பண்ணக்கூடாதுன்னு தெளிவா சொல்லுச்சு. கம்பெனிக மேல்முறையீடு, கோர்ட்னு போயிட்டாங்க. 2022 டிசம்பர் 24ல மத்திய அரசு, ரிப்பேர் பண்ணிக்கற உரிமைக்குன்னு ரைட் டு ரிப்பேர் போர்ட்டல் தொறந்துது, அதுல ஆட்டோமொபைலும் ஒரு துறை. இத்தனைக்கும் அப்பறம் புதுசா இப்படி ஒரு பேப்பர் ஒட்டறீங்க. என் வண்டிக்கு வாரண்டி முடிஞ்சே பல வருஷம் ஆச்சுங்க, வாரண்டி இல்லாத வண்டிய நான் எங்க கழட்டுனா உங்களுக்கு என்ன?

எனக்கு வேணுங்கறதச் சொல்லிப்போடறேன்.

அந்தப் பேப்பர எடுங்க. மவுண்டு, புஷ்ஷு, பில்டரு, சீலு, ஆயில் இதெல்லாம் சேசிஸ் நம்பரச் சொன்னா யாரு வந்து கேட்டாலும் பில் போட்டுக் குடுக்கோணும், மெக்கானிக் வந்தாலும் சரி, வண்டிக்காரன் வந்தாலும் சரி. விரிசல் உட்ட ஹவுசிங்குக்கு முழு யூனிட்ட மாத்தச் சொல்றத விட்டுட்டு அந்த ரிப்பேர் கிட்டு செட்ட உங்க பார்ட் நம்பரோட நீங்களே கொண்டு வாங்க, அந்த கண்ணாடி கிளிப்பு மாதிரி சின்னச் சின்ன சாமானும் தனியா வேணும். கிளட்ச் செட்டிங் பண்ற சாப்ட்வேர ஐரோப்பால குடுக்கற மாதிரி மணிக்கணக்குக்கோ நாள்கணக்குக்கோ கட்டணம் வெச்சு வெளி மெக்கானிக்குக்குத் தொறந்து விடுங்க, அது வர்ற வரைக்கும் வெளில கழட்டுன வண்டிக்கும் உங்க சென்டர்லயே கட்டணம் வாங்கிட்டுப் பண்ணிக் குடுங்க. ஒரு பாகத்த மாத்தச் சொன்னா என்ன கெட்டுதுன்னு எழுத்துல குடுக்கோணும், கம்ப்யூட்டர் காட்டுன நம்பர் மட்டும் பத்தாது, மாத்துன பழைய பாகத்தயும் வண்டிக்காரன் கையில குடுக்கோணும். பத்து வருஷம் தாண்டுன மாடலுக்கு எந்தெந்த சாமான் இன்னும் எத்தன வருஷம் கெடைக்கும், என்ன வெலைன்னு எல்லாரும் பாக்கற மாதிரி போடுங்க.

குலுங்குதுன்னு ஒருத்தன் வந்து சொன்னா அந்த "கேரக்டர்"ங்கற வார்த்தைய இனிமே ஜாப் கார்டுலயும் வாயிலயும் வர விடாதீங்க. மலையேறி எறங்கற ஊருங்க இது, ஊட்டி, வால்பாறை, திம்பம், ஏற்காடுன்னு சுத்தியும் மலைதான். அந்த கியர்பாக்ஸ் இருக்கற எல்லா வண்டிக்காரங்களையும் கூப்பிட்டு அந்த உருளை இருக்கற எடத்த ஒரு தடவ இலவசமா பாத்துக் குடுங்க, விரிசல் ஆரம்பிச்சிருந்தா மலை ஏறறதுக்கு முன்னாலயே தெரிஞ்சுரும்.

என்னோட அஞ்சு ஜாப் கார்டு, எஸ்டிமேட், அந்த விரிசல் போட்டோ, கழட்டுன ஹவுசிங் எல்லாமே களத்து ஆபீஸ்ல வெச்சிருக்கறேன். ஆள் அனுப்புனா காட்டறேன், வேணும்னா அந்த அண்ணனயும் கூட்டிட்டு நானே வர்றேன். முப்பது நாள் பாப்பேன், அதுக்குள்ள பதில் வரலைன்னா இதே பேப்பர் கட்ட எடுத்துட்டு திருப்பூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன்.

பதில எனக்கு மட்டும் மெயில்ல அனுப்ப வேண்டாமுங்க. யாரு எடுத்த முடிவுன்னு பேரும் கையெழுத்தும் போட்டு, அந்தப் பேப்பர் ஒட்டுன அதே கவுண்டர் கண்ணாடில ஒட்டுங்க.

இப்படிக்கு,
உங்க வண்டிய 1,42,000 கிலோமீட்டர் ஓட்டுன ஒருத்தன்,
காங்கேயம்